டிரம் மைக்கில் விழுந்த குரல்

ஜெபல் அலி,
டிசம்பர் 8

அன்புள்ள அருளுக்கு,

மணிமாறன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து, டியூட்டிக்குப் போய், திரும்பி வந்து படுத்துக்கொண்டிருக்கிறோம். அதை நலம் என்று சொன்னால் நலம்தான். அங்கே நீயும் நாகஜோதியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை நாலு வரி எழுதினாலும் போதும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இரண்டு தடவை வாய்ஸ் நோட் பேசிவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டேன். நான் பாட்டுக்குப் பேசி அனுப்ப, பதில் பேச முடியாமல் நீ அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுத்து என்றால் உனக்கும் எனக்கும் ஒரே நிலைமை. நம் கேம்ப் சமையற்காரர் லீவில் சாத்தூர் போகிறார். அவரிடம் இதையும் கொஞ்சம் பேரீச்சம்பழத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

கேம்ப்பை மாற்றிவிட்டார்கள். புது இடத்தில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனால் வேர்ஹவுஸுக்குத் தூரம் அதிகம். ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றால்தான் என் முழங்கால் நடக்கச் சம்மதிக்கிறது. நீ ஓட்டிய ஸ்டாஃப் பஸ்ஸை இப்போது ஒரு நேபாளி ஓட்டுகிறார். தங்கமான மனிதர். ஆனால் பாட மாட்டார். காலையில் பஸ் முழுக்கத் தூங்குகிறது.

சுரேஷ்குமாருக்குத்தான் நேரம் சரியில்லை. அவன் ஏசி மெக்கானிக்காக இருக்கும் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் கைவிட்டுப் போய்விட்டது. ஜனவரி கடைசியில் விசாவைக் கேன்சல் செய்கிறார்கள். வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தான், எங்கே போனாலும் மாஃபி, இல்லை என்கிறார்கள். போன வாரம் என் அறைக்கு வந்தவன், "அலைஞ்சது போதும்ணே, ஊர்ல போயி ஏதாச்சும் பாத்துக்கிடுதேன்" என்றான்.

அவன் போவதற்குள், நாம் பாதியில் விட்ட ஆல்பத்தை முடிக்க வேண்டும் என்று ஈசா ஒற்றைக்காலில் நிற்கிறான். இத்தனை வருஷமாக 'கடைசி பஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு பொங்கல் விழாவிலும் தமிழ்ச் சங்கத்திலும் சினிமாப் பாட்டு வாசித்த கூட்டம், ஒரே ஒரு தடவையாவது தன் பாட்டை வாசித்துவிட்டுக் கலைய வேண்டும் என்கிறான். அவன் கிட்டாரும் டிரம்மில் சுரேஷின் நையாண்டி மேள அடியும் சேர்ந்த இந்தத் தெக்கத்தி ராக் வேறு யாரிடமும் இல்லை என்பது அவன் கட்சி. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவனுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறதோ.

போன ஞாயிற்றுக்கிழமை அல் கூஸில் கபீர் காக்காவின் கோடௌனுக்குப் போனோம். மனிதர் நம் பாட்டைப் பதிந்த அந்த டேப் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். பர் துபாயில் கேசட் கடை வைத்திருந்த காலத்துப் பிடிவாதம் இன்னும் போகவில்லை. மற்ற எல்லோரையும் போல நாமும் கம்ப்யூட்டரில் எடுத்தால் என்ன என்று மறுபடி கேட்டேன். "தம்பி, கம்ப்யூட்டர்ல எடுத்தா தப்பு பண்ணுனவன் வீட்டுக்குப் போயிடுவான், திருத்துறவன் உக்காந்து கெடப்பான். டேப்புல தப்பு பண்ணுனவனேதான் திரும்ப வாசிக்கணும்" என்றார்.

பிறகு போன குளிர்காலத்தில் நாம் எடுத்த டேப்பைப் போட்டார். அருளு, நீ பாடினாய். எல்லாப் பாட்டையும். அது நாங்கள் வாசிக்க வழி காட்டுவதற்காகப் பாடியது, லீவு முடிந்து வந்து நிதானமாகப் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நீ விமானம் ஏறினாய். உன் குரல் கரகரத்ததைக் கோடௌன் தூசி என்றுதான் நாங்களும் நினைத்தோம், நீயும் நினைத்தாய். மதுரையில் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? டேப் ஓடி முடிந்ததும், டீ வாங்கி வருகிறேன் என்று போன ஈசா, டீ இல்லாமல் திரும்பி வந்தான்.

எங்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். அந்தக் குரலையே ஆல்பத்தில் வைத்துவிடலாம். கரகரப்பு இருக்கிறது, சில இடங்களில் உடைகிறது. இருக்கட்டும். அதைக் கேட்ட பிறகு வேறு யாரும் பாடுவதை நினைக்க முடியவில்லை. ஆனால் நீ சரி என்று சொல்லாமல் கபீர் காக்கா ஒரு பொத்தானையும் தொட மாட்டார்.

இன்னொன்று. ஆபரேஷன் ஆனவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுத்தரும் வகுப்புக்கு நீ போவதே இல்லையாம். நாகஜோதி என் வீட்டுக்காரியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் போ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
மணிமாறன்


கோவில்பட்டி,
டிசம்பர் 27

மணிக்கு,

அருள்முருகன். கடிதம் கிடைத்தது. பேரீச்சம்பழத்தைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். நான் கஞ்சி குடிக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: வேண்டாம்.

காரணம் சொல்லாவிட்டால் நீ மறுபடி எழுதுவாய், அதனால் சொல்கிறேன். மேடை மேடையாக நான் பாடியதெல்லாம் அடுத்தவன் குரல். எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதைப் பாடியவரைப் போலவே பாடுவேன், ஜனங்கள் கை தட்டுவார்கள். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதற்காகத்தான் அந்தப் பாட்டுகளை எழுதினேன். அதற்காகத்தான் டியூட்டி முடித்து, குளிக்காமல் கொள்ளாமல் அல் கூஸுக்கு ஓடி வந்தேன். கடைசியில் நீங்கள் பிடித்து வைத்திருப்பது என் குரல் இல்லை. தொண்டையில் இருந்த அந்தக் கட்டியின் குரல். அது உள்ளே உட்கார்ந்துகொண்டு பாடியதை என் பெயரைப் போட்டு ஊருக்குக் கொடுக்கப் போகிறீர்களா?

உனக்கும் ஈசாவுக்கும் அது பிடித்திருக்கிறது என்றால், என்னை நினைத்து அழுவதற்கு வசதியாக இருக்கிறது என்று அர்த்தம். அழ வேண்டும் என்றால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அழுங்கள். ஆல்பத்தில் அது கூடாது.

உமாராணியைப் பாடச் சொல். சங்க விழாக்களில் எனக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடி, என் சுருதி விலகும்போதெல்லாம் இழுத்துப் பிடித்தவள் அவள்தான். கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியாது, எனக்குத் தெரியும். கிளினிக் ரிசப்ஷனில் நாளெல்லாம் பொறுமையாகப் பேசிப் பழகியவள், உங்களையும் பொறுத்துக்கொள்வாள். பாட்டு அவளுடையதாகவே இருக்கட்டும். என் குரலில் ஒரு நூல்கூட அதில் இருக்கக் கூடாது. சுரேஷ் போவதற்குள் முடியுங்கள்.

வகுப்பைப் பற்றி நாகஜோதி யாரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் அவளிடம் கோபமாக இருப்பதாக நினைக்கிறாள். கோபம் இல்லை. கடைக்குப் போனால் மூன்று தடவை கை காட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் பின்னால் நிற்கிறவன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். வீட்டுக்கு வந்தால் மறுபடி கை காட்ட அலுப்பாக இருக்கிறது, சும்மா இருந்துவிடுகிறேன். அவ்வளவுதான்.

இதை அவளே போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படிக்கட்டும்.

அருள்முருகன்


ஜெபல் அலி,
ஜனவரி 28

அன்புள்ள அருளுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவன் சுரேஷ். அவன் உன் எதிரில் இருக்கும்போதே படித்துவிடு. நான் விட்டதை அவன் சொல்லுவான். அவனுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கச் சொல், ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நீ சொன்னபடியே செய்ய நினைத்தோம். உமாராணியைக் கூப்பிட்டேன். கோடௌனுக்கு வந்தவள் மைக்கைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "அவரு நின்ன எடத்துல என்னய நிப்பாட்டாதீங்கண்ணே, எனக்கு நாக்கு எழாது" என்றாள். உன் கடிதத்தைக் காட்டினேன். சுருதியைப் பற்றி நீ எழுதிய இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். அப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

முதலில் ஒத்திகையாக எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். அவள் உன்னைப் போலக் கத்த மாட்டாள். கிட்டார் எவ்வளவு உறுமினாலும், பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு விஷயத்தைச் சொல்கிற மாதிரி பாடுகிறாள். முதலில் எடுபடாது என்று நினைத்தேன். ஈசா போய் கிட்டார் ஆம்ப்பின் சத்தத்தைக் குறைத்தான். அவன் யாருக்காகவும் அதைக் குறைத்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் பாடிய ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

பிறகு பழைய டேப்பின் மேல் அவளைப் பாடவைத்து, கபீர் காக்கா உன் குரல் இருக்கும் டிராக்கை மட்டும் மூடிவிட்டு, அவள் பாடியதை மற்ற வாத்தியங்களோடு சேர்த்து ஓட்டினார். முதல் பாட்டு பாதி போகவில்லை, உமாராணி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். "அண்ணன் பாடுறாரு" என்றாள்.

பயந்துபோய்த் திரும்ப ஓட்டினோம். உண்மைதான். உன் டிராக் மூடித்தான் இருந்தது, ஆனாலும் நீ பாடிக்கொண்டிருந்தாய். தூரத்தில், அவள் குரலுக்கு அடியில். காக்கா ஒவ்வொரு டிராக்காக மூடித் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தார். நீ டிரம் மைக்கில் இருக்கிறாய். சுரேஷின் காலைப் பார்க்காமல் எனக்குப் பாட வராது என்று அடம்பிடித்து அவன் பக்கத்திலேயே நின்று பாடினாயே, அந்தச் சத்தமெல்லாம் டிரம்முக்கு வைத்த மைக்குகளில் விழுந்திருக்கிறது. டிரம்மோடு டிரம்மாகப் பதிந்துவிட்டது. உன்னைக் குறைத்தால் டிரம்மும் குறைகிறது. டிரம் மைக்குகளில் ஒன்றிரண்டை அடைத்துப் பார்த்தார், தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "இவன டேப்ப விட்டுப் பிரிக்க முடியாது வாப்பா. வேணாம்னா எல்லாத்தையும் முதல்லேருந்து வாசிங்க" என்றார்.

ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். இது கேட்கவா போகிறது, விட்டுவிடுவோம் என்று ஈசா சொன்னான். அவனோடு நான் சண்டை போட்டேன். சொன்னால் சொன்னதுதான், அவன் குரல், அவன் சொல்கிறபடிதான் என்றேன். சுரேஷ் வியாழக்கிழமை விமானம் ஏற வேண்டும். கையில் ஒரே ஒரு ஞாயிறு இருந்தது. பக்கத்து டைல் கடை அன்றைக்குத்தான் மூடியிருக்கும். எல்லாப் பாட்டையும் ஒரே நாளில் மறுபடி வாசித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அருளு, நமக்கு வயதாகிவிட்டது. அதை அன்றைக்குத்தான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். சத்தம் கேட்கும் என்று ஏசியை நிறுத்தியாயிற்று. குளிர்காலம்தான், ஆனாலும் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் மெஷினும் ஆம்ப்பும் சேர்ந்து சூடேற்றிவிட்டன. ஒரு இடத்தில் தவறினால் பாட்டின் தலைக்குப் போக வேண்டும். ஈசா வெடித்த விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்தான். எனக்கு முழங்கால் பொறுக்காமல் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பேஸ் கிட்டார் வாசித்தேன். உமாராணி எலுமிச்சை சாதம் கட்டி வந்திருந்தாள். நின்றுகொண்டே தின்றோம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மதியத்துக்கு மேல் டைல் கடையில் வெட்டும் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. ஏதோ அவசர ஆர்டராம். போய்ப் பார்த்தேன். ஃபோர்மன் ஒரு பெஷாவர்க்காரர். எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். எங்கள் டிரம்காரன் ஊருக்குப் போகிறான், திரும்பி வர மாட்டான், இன்று விட்டால் கிடையாது என்றேன். "பாய், எனக்கும் டியூட்டி இருக்கு" என்று இந்தியில் சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆட்களைச் சாப்பிடப் போகச் சொன்னார். இரண்டு மணி நேரம், அதற்கு மேல் கலாஸ் என்றார். அந்த நேரம் தாண்டிய பிறகும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் மனிதர் டைல் பெட்டி மேல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய ஆட்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கத் தாமதமானதும் சுவரைத் தட்டி, "யல்லா, யல்லா!" என்று அவசரப்படுத்தினார்.

சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டு தவிர எல்லாம் முடிந்தது. நன்றாகவும் வந்திருக்கிறது. உமாராணிக்கு ஏற்ற வேகத்தில், அவளுக்கு ஏற்ற இடைவெளி விட்டு வாசித்தோம். அவற்றில் நீ இல்லை. ஒரு நூல்கூட இல்லை. உனக்குக் கொடுத்த வாக்கில் அந்த அளவுக்கு நாங்கள் நின்றுவிட்டோம்.

மிச்சம் 'இறக்கி வை'. கடைசியில் எடுக்கலாம் என்று வைத்திருந்ததே தப்பாகப் போயிற்று. "தூக்கினது போதும் இறக்கி வை, தோளு கெஞ்சுது இறக்கி வை" என்று உமாராணி தொடங்குவாள், சுரேஷ் நாலு வரி கடந்து வந்து சேர வேண்டும். சேர்ந்தான், ஆனால் அடி தளர்ந்துகொண்டே போயிற்று. நிறுத்தி மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் அப்படியே. கை வலி என்று நினைத்துக் கபீர் காக்கா தைலம் தேய்த்துவிட்டார். அடுத்த முறை அவன் கைகள் பாதியிலேயே நின்றுவிட்டன. பக்கத்தில் நீ நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கை வலிக்கல காக்கா. நா யாருக்கு அடிக்கேன்னு தெரியல" என்றான். குச்சிகளைக் கீழே போடவில்லை, ஒழுங்காகப் பைக்குள் வைத்து ஜிப் போட்டான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. காக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் போய் ஏசியைப் போட்டார்.

ஆக, அந்தப் பாட்டுக்கு எங்களிடம் இருப்பது போன வருஷத்து டேப் மட்டும்தான். சுரேஷ் இல்லாமல் புதிதாக எடுக்க வழியில்லை. வேறு ஆளை வைத்து அடிக்கச் சொல்லலாம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. உமாராணி அந்தப் பழைய டேப்பின் மேல் பாடியிருக்கிறாள். உன் டிராக் மூடித்தான் இருக்கிறது. ஆனால் டிரம்மில் இருக்கிறாய், கவனித்துக் கேட்டால் கேட்கும்.

நீ வேண்டாம் என்றால் பாட்டையே எடுத்துவிடுகிறோம். இது மிரட்டல் இல்லை, சத்தியமாக எடுத்துவிடுகிறோம். ஆனால் அதை எழுதியவன் நீ. அது இல்லாமல் அந்த ஆல்பம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. கபீர் காக்கா அதைக் கேசட்டில் இறக்கி, கேட்பதற்கு ஒரு பழைய டேப் ரெக்கார்டரையும் கட்டிக் கொடுத்திருக்கிறார். போனில் அனுப்பினால் ஆகாதா என்றேன். "போன்ல அனுப்புனா பாதியில நிறுத்திடுவான். சுரேஷ் முன்னால நிறுத்த மாட்டான்" என்றார். ஒரே ஒரு தடவை கேள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்.

அது கட்டியின் குரல் என்று எழுதினாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எத்தனையோ நாள் யோசித்தேன். கேசட்டைத்தான் அனுப்ப முடிந்தது.

சுரேஷை உன்னிடம் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஈசாவும் என்ன செய்யப் போகிறோம் என்று தெரியவில்லை. துணி துவைப்போம். நீ அந்த வகுப்புக்குப் போ, அருளு. சுரேஷோடு போ. அவனுக்கும் அங்கே கொஞ்ச நாளைக்கு வேலை இருக்காது, கூட வருவான். உன்னை இவ்வளவு தூரத்திலிருந்து வேறு எதுவும் கேட்க எனக்கு உரிமை இல்லை, இதைக் கேட்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மணிமாறன்


கோவில்பட்டி,
பிப்ரவரி 11

அன்புள்ள மணிக்கு,

சுரேஷ் வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். நாகஜோதி மீன் குழம்பு வைத்து அவனை உட்கார்த்திச் சாப்பிட வைத்தாள். சாப்பிடும்போது அவன் பேசிக்கொண்டே இருந்தான், நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். மேடைக்குப் போகும்போதெல்லாம் நான்தான் பேசுவேன், அவன் தலையாட்டுவான்.

உன் கடிதத்தை அவன் எதிரில்தான் படித்தேன். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நாள் முழுக்க நீங்கள் பட்ட பாட்டை எழுதி என் வாயை அடைக்கிறாய் என்று நினைத்தேன். கேசட்டைப் போட வேண்டாம் என்று கை காட்டினேன். சுரேஷ் பார்க்காதது போல இருந்துவிட்டுப் போட்டான்.

முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உமாராணிதான் கேட்டாள். எவ்வளவு நன்றாகப் பாடுகிறாள் மணி, இவளைப் போய்ப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தோமே. சுரேஷ் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். அப்போது கேட்டது. அடுத்த அறையில் யாரோ ஒருவன் கை வேலையைப் பார்த்துக்கொண்டே கூடப் பாடுவது போல. மற்ற பாட்டுகளில் நான் எப்படிக் கரகரத்தேனோ தெரியாது, இதில் நோய்க்காரன் குரலாக அது எனக்குத் தெரியவில்லை. டியூட்டி முடிந்து அலுத்துப்போய் வந்தவன் குரலாகத் தெரிந்தது. யாரைப் போலவும் இல்லை. முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிக் கை காட்டினேன். நாகஜோதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகில் நின்றாள். அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டோம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று வந்து கேட்டுவிட்டுப் போனார்.

காக்காவிடம் சொல். என் டிராக் மூடியபடியே இருக்க வேண்டும், ஆசைப்பட்டு ஒரு மயிரிழைகூடத் திறக்கக் கூடாது. டிரம்மில் விழுந்தது எவ்வளவோ அவ்வளவு இருக்கட்டும்.

உமாராணியிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது சரணத்தில் "இறக்கி வை" என்று முடியும் மூன்றாவது வரிக்கு அப்புறம் நான் மூச்சு எடுக்கிறேன். அவளும் அதே இடத்தில் எடுக்கிறாள். இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு எடுத்தால் அங்கே ஒரு பள்ளம் விழுகிறது. அவளை அந்த 'வை'யைப் பிடித்து இழுத்து அடுத்த வரியோடு சேர்க்கச் சொல். நான் மூச்சு வாங்கி வரும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டால் போதும். அந்த ஒரு சரணத்தை மட்டும் மறுபடி எடுங்கள்.

வகுப்புக்குப் போனேன். சுரேஷ் கூட வந்தான். காற்றை விழுங்கி ஏப்பம் விடுகிற மாதிரி பேசச் சொல்லித் தருகிறார்கள். முதலில் 'பாப்பா' சொல்ல வேண்டுமாம். என்னோடு ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் ஒரு லாரி டிரைவரும் உட்கார்ந்து பாப்பா, பாப்பா என்கிறார்கள். சுரேஷ் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு தடவை பாதி வந்தது.

அங்கே இருக்கும்போதே டாக்டரையும் பார்த்தேன். கழுத்தின் இடது பக்கத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் தொட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். நாகஜோதியிடம் இதை இன்னும் சொல்லவில்லை, அதனால் இந்தக் கடிதத்தை அவளிடம் படம் பிடிக்கக் கொடுக்கவில்லை. உங்கள் சமையற்காரர் லீவு முடிந்து திரும்புகிறாராம், சாத்தூருக்குப் போய் அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன்.

உன் முழங்காலைக் காட்டு. ஈசாவிடம் விரல் ஆறும் வரை வாசிக்காதே என்று சொல். எல்லோரும் நன்றாக இருங்கள்.

ஆல்பத்தைச் சீக்கிரம் முடி, மணி. காக்கா இன்னும் நன்றாக வரட்டும், இன்னும் நன்றாக வரட்டும் என்று இழுப்பார், விடாதே. இருக்கிறது போதும். எனக்கு முழுசாகக் கேட்க வேண்டும்.

அன்புடன்
அருள்முருகன்